சர்வர் நின்றுபோன பழைய கன்சோல்: இனி எப்படி ஆடுவது?

2024 ஏப்ரல் 8 அன்று நின்டெண்டோ நிறுவனம் 3டிஎஸ், வீ யூ ஆகிய இரண்டு கன்சோல்களுக்கும் ஆன்லைன் ஆட்டச் சேவையை நிறுத்தியது. 3டிஎஸ் 2011இல் வந்து, உலகம் முழுக்க ஏழரைக் கோடிக்கும் மேல் விற்ற கையடக்கக் கருவி. 2012இல் வந்த வீ யூ அந்த அளவுக்கு ஓடவில்லை, 1.35 கோடி அளவோடு நின்றுவிட்டது. வீ யூ தயாரிப்பு 2017இலும் 3டிஎஸ் தயாரிப்பு 2020இலும் முடிந்துவிட்டன என்பதால் இந்த அறிவிப்பு யாரையும் பெரிதாக அதிர வைக்கவில்லை. அதற்காக வருத்தம் குறைந்துவிடாது. நண்பர்களோடு மரியோ கார்ட் 7 ஓட்டியவர்கள், ஸ்பிளாட்டூனில் மை தெளித்து வளர்ந்தவர்கள், அனிமல் கிராசிங்கில் வெளியூர்த் தோழியின் ஊருக்குப் போய்ப் பழம் பறித்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் கதவு மூடியது.

இதே நிலை எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 வைத்திருப்பவர்களுக்கும் ஒவ்வொரு கேமாக வந்துகொண்டிருக்கிறது. கையில் நல்ல நிலையில் ஒரு கன்சோல், அலமாரியில் காசு கொடுத்து வாங்கிய கேம்கள், எதிர்முனையில் யாரும் இல்லை. இனி என்ன செய்யலாம்? பார்த்தவரை ஐந்து வழிகள் உண்டு. எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, நீங்கள் ஆடும் கேம் சர்வரிடம் எந்தெந்த வேலையை ஒப்படைத்திருந்தது என்பதுதான் முடிவு செய்கிறது. ஆகவே முதலில் அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

சர்வர் என்னதான் செய்துகொண்டிருந்தது?

பழைய கன்சோல் கேம்களில் ஆன்லைன் என்பது பொதுவாக மூன்று வேலைகள். நீங்கள் யார் என்று கணக்கைச் சரிபார்ப்பது ஒன்று. ஆட வேண்டிய ஆட்களைத் தேடிப்பிடித்து ஒன்று சேர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, உங்கள் மதிப்பெண், நீங்கள் உருவாக்கிய நிலைகள், செய்திகள் போன்றவற்றைச் சேமித்து வைப்பது. ஆட்டம் தொடங்கிய பிறகு மரியோ கார்ட் 7, மரியோ கார்ட் வீ, முதல் ஸ்பிளாட்டூன் போன்றவற்றில் தகவல் ஒரு கன்சோலிலிருந்து இன்னொரு கன்சோலுக்கு நேராகவே போய் வந்தது. அதாவது ஓட்டப்பந்தயம் நடந்தது உங்கள் கருவிகளுக்கு இடையில்தான். சர்வர் ஆள் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது.

இதற்கு அழகான சாட்சி ஒன்று இருக்கிறது. முதல் எக்ஸ்பாக்ஸுக்கான எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது. அன்று ஹேலோ 2 ஆடிக்கொண்டிருந்த சிலர் கன்சோலை அணைக்கவே இல்லை. வெளியே வந்தால் திரும்ப நுழைய முடியாது என்று தெரிந்தே, உள்ளேயே இருந்து ஆடினார்கள். ஒவ்வொருவராகத் துண்டிக்கப்பட்டு, கடைசி ஆள் விழுந்தது மே மாதத்தில். ஆட்டம் கன்சோல்களுக்கு இடையே நடந்ததால்தான் அத்தனை நாள் அது தாக்குப்பிடித்தது.

இந்த வகை கேம்களுக்கு மறுவாழ்வு எளிது. ஆள் சேர்த்துக் கொடுக்க வேறொருவர் ஒரு சர்வர் எழுதினால் போதும். ஆனால் கேமின் உயிரே சர்வரில் இருந்த உள்ளடக்கம் என்றால் கதை வேறு. லிட்டில் பிக் பிளானட் வரிசையில் ஆட்டக்காரர்களே உருவாக்கிப் பதிவேற்றிய நிலைகள் ஒரு கோடிக்கும் மேல். அந்த வரிசையின் பிளேஸ்டேஷன் 3 சர்வர்கள் 2021 செப்டம்பரில் மூடப்பட்டன; பிளேஸ்டேஷன் 4இல் இருந்த மூன்றாம் பாகத்தின் சர்வர் 2024 ஜனவரியில் முடங்கி, ஏப்ரலில் நிரந்தரமாக நின்றதாக அறிவிக்கப்பட்டது. புது சர்வர் எழுதலாம். ஆனால் அந்த நிலைகளை யாராவது முன்கூட்டியே நகலெடுத்து வைத்திருந்தால்தான் அதில் ஏற்ற ஏதாவது இருக்கும்.

இன்னும் மோசமான வகை தி க்ரூ. யூபிசாஃப்டின் இந்தக் கார் ஓட்டும் கேம் 2014இல் வந்தது. தனியாக ஆடினாலும் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வர் நின்றதும் வட்டு வெறும் வட்டாகிவிட்டது. இந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் கொடுத்த மனுவுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகள் கிடைத்தன. சேவையை நிறுத்தும்போது ஆடக்கூடிய நிலையில் கேமை விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். சர்வரை என்றென்றும் ஓட்டச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை.

இணையமே வேண்டாம் என்று அருகிலிருப்பவரோடு ஆடுவது

இதைத்தான் எல்லாரும் முதலில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் குறைத்து மதிப்பிடப்பட்ட வழி என்று படுகிறது. 3டிஎஸ்ஸில் நின்றது இணைய ஆட்டம் மட்டுமே. ஒரே அறையில் இருக்கும் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உள்ளூர் வயர்லெஸ்ஸுக்கு எந்த சர்வரும் தேவையில்லை. அது இன்றும் முன்பு போலவே ஓடுகிறது. மரியோ கார்ட் 7இல் எட்டுப் பேர் வரை சேரலாம். எட்டுக் கார்ட்ரிட்ஜ் கூட வேண்டாம். ஒருவரிடம் கேம் இருந்தால் மற்றவர்கள் டவுன்லோடு ப்ளே வழியாக அதைத் தங்கள் கருவியில் தற்காலிகமாக இறக்கி ஆடலாம். அப்போது ஆட்டத்தில் கிடைக்கும் பாத்திரங்கள் குறைவு, அவ்வளவுதான். இரண்டு 3டிஎஸ் அருகருகே கடந்துபோகும்போது தகவல் மாற்றிக்கொள்ளும் ஸ்ட்ரீட்பாஸ் வசதியும் அப்படியே இருக்கிறது.

வீ யூவில் மரியோ கார்ட் 8ஐ ஒரே திரையில் நான்கு பேர் ஆடலாம். முதல் எக்ஸ்பாக்ஸில் நான்கு கன்சோல்களைக் கேபிளால் இணைத்தால் பதினாறு பேர் ஹேலோ 2 ஆடலாம். வீட்டில் குழந்தைகளுக்காகக் கன்சோல் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். செலவில்லை, முகம் தெரியாதவர்களின் தொல்லையில்லை, எந்த நிறுவனமும் எந்த அறிவிப்பாலும் இதை நிறுத்த முடியாது. பழைய கன்சோல் வாங்க நினைப்பவர்களும் கேமின் பெட்டியில் உள்ளூர் ஆட்டக்காரர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

குறை என்னவென்றால், ஆட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அந்த ஆள் வேறு ஊரில் இருக்கிறார்.

ரசிகர்கள் நடத்தும் சர்வர்கள்

அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

2014 மே 20 அன்று நின்டெண்டோ டிஎஸ், வீ இரண்டுக்குமான வைஃபை கனெக்ஷன் சேவை நின்றபோதே இந்த வழி நிரூபணமாகிவிட்டது. மரியோ கார்ட் வீ ரசிகர்கள் 'வீம்ஃபி' என்ற மாற்று சர்வரைக் கையோடு தயாராக்கினார்கள். பத்தாண்டுக்கும் மேலாக அதில் ஆட்டம் நடந்து வருகிறது. அசல் சேவை ஓடிய காலத்தைவிட அதன் மாற்று ஓடிய காலம் நீளமாகிவிட்டது. முதல் எக்ஸ்பாக்ஸுக்கு 2022 நவம்பரில் 'இன்சிக்னியா' பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. எக்ஸ்பாக்ஸ் லைவின் அந்தப் பழைய பதிப்பையே திரும்ப எழுதிய சேவை அது. 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் 'ப்ரிடெண்டோ'. நின்டெண்டோ சேவையை நிறுத்துவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, என்றாவது இந்த நாள் வரும் என்று தொடங்கிய திறமூலத் திட்டம், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்ட திட்டம்.

இணைவது எவ்வளவு கடினம் என்பது கன்சோலுக்குக் கன்சோல் மாறுகிறது. வீ யூதான் இருப்பதிலேயே எளிது. கணினி அமைப்புகளுக்குள் இணையம் என்ற பகுதிக்குப் போய், நீங்கள் பயன்படுத்தும் இணைப்பைத் திறந்து, அமைப்பை மாற்று என்பதை அழுத்தினால் டிஎன்எஸ் என்று ஒரு வரி வரும். அது தானாகப் பெறு என்ற நிலையில் இருக்கும். அதைக் கைமுறைக்கு மாற்றி, ப்ரிடெண்டோ தரும் எண்ணை முதன்மை இடத்தில் போட்டுச் சேமித்தால் பல கேம்கள் இணைந்துவிடும். கன்சோலின் மென்பொருளைத் தொடவே வேண்டாம். டிஎன்எஸ் என்பது நின்டெண்டோவின் சர்வர் எங்கே என்று கன்சோல் கேட்கும்போது முகவரி சொல்லும் இடம். அங்கே வேறு முகவரி சொல்ல வைக்கிறோம். சாதாரணமாகக் கன்சோல் சான்றிதழ் கேட்டு ஏமாற மறுத்துவிடும். வீ யூவில் அந்தச் சரிபார்ப்பில் ஒரு ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் சேவை நின்ற சமயத்தில் அதை வெளியிட்டார்கள். முழு வசதிகளும் வேண்டுமானால் ஹோம்ப்ரூ, அதாவது நிறுவன அனுமதி இல்லாமல் ரசிகர்கள் எழுதிய மென்பொருள் போட்டாக வேண்டும்.

3டிஎஸ்ஸில் இந்தக் குறுக்குவழி கிடையாது. கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது கருவியின் அடிப்படை மென்பொருளை மாற்றியமைத்த பதிப்பு, போட்ட பிறகுதான் ப்ரிடெண்டோவுக்கான மென்பொருள் ஏறும். வழிகாட்டியை வரி பிசகாமல் பின்பற்றினால் ஒரு மாலை வேலை. நடுவில் அவசரப்பட்டால் கருவி கிளம்பாமல் போகும் அபாயம் சிறிதளவு உண்டு. அதனால் மெமரி கார்டில் இருப்பதை முதலில் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள்; பேட்டரியை நிறைத்துவிட்டு உட்காருங்கள்.

நின்டெண்டோ டிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு முட்டுக்கட்டை. பெரும்பாலான டிஎஸ் கேம்களுக்கு டிஎன்எஸ் மாற்றமே போதும். ஆனால் அந்தக் கேம்கள் வெப் (WEP) என்ற மிகப் பழைய வைஃபை பாதுகாப்பையோ, கடவுச்சொல்லே இல்லாத வைஃபையையோதான் ஏற்கும். இன்றைய ரவுட்டர்களில் வெப் கிடைப்பதே அரிது. புது 3டிஎஸ்ஸில் டிஎஸ் கார்ட்ரிட்ஜைச் செருகினாலும் இதே கட்டுப்பாடுதான். ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபை ஒன்றைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து, ஆடி முடித்ததும் அணைத்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்த வழி. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்க வேண்டும். வீட்டு வைஃபையையே அப்படித் திறந்து போட்டுவிடாதீர்கள்.

இந்தியாவிலிருந்து ஆடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். இங்கே பல இணைய நிறுவனங்கள், கைபேசி ஹாட்ஸ்பாட் உட்பட, ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. யூடியூப் பார்க்க அது போதும். கன்சோல்கள் நேராக ஒன்றோடொன்று பேச வேண்டும் என்னும்போது, வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும். சர்வரில் நுழைந்துவிடுவீர்கள், ஆட்கள் பட்டியலில் தெரிவார்கள், ஆட்டம் தொடங்கும் நொடியில் இணைப்பு அறுந்துபோகும். புதிய கருவிகள் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாக இதைத் தாண்டிவிடும். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ, 3டிஎஸ் எதற்கும் அந்த வசதி இல்லை. இப்படி நடந்தால் மாற்று சர்வரைக் குறை சொல்வதற்கு முன், உங்கள் இணைய நிறுவனத்திடம் தனிப் பொது ஐபி கேட்டுப் பாருங்கள். மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரியோ கார்ட் 7, மரியோ கார்ட் 8, ஸ்பிளாட்டூன் ஆகியவற்றில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சேர்ந்து ஆடும் எதிராளியே உங்கள் கன்சோலில் தன் நிரலை ஓட்ட முடியும் என்ற அளவுக்கு. 2011இல் வந்த மரியோ கார்ட் 7க்கு 2022 டிசம்பரில் திடீரென ஒரு புதுப்பிப்பு வந்தது இதனால்தான். வீ யூவில் மரியோ கார்ட் 8, ஸ்பிளாட்டூன் இரண்டின் ஆன்லைனையும் 2023 மார்ச்சில் நிறுத்தி, சரிசெய்து, ஆகஸ்டில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்தப் புதுப்பிப்புகள் நின்டெண்டோவின் சர்வரில் இன்னும் கிடைக்கின்றன. ரசிகர் சர்வரில் ஏறுவதற்கு முன் அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். மாற்று சர்வரில் கணக்கு தொடங்கும்போது வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லைப் போடுங்கள். நேரடி இணைப்பு என்பதால் உங்கள் ஐபி எதிராளிக்குத் தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சட்டத்தில் இவை எங்கே நிற்கின்றன என்பது ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. அமெரிக்காவின் பதிப்புரிமை அலுவலகம் 2015இலிருந்து நின்றுபோன கேம்களுக்குப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து சில விலக்குகள் தந்து வருகிறது. நூலகமும் அருங்காட்சியகமும் தங்கள் வளாகத்துக்குள் பழைய கேம்களைப் பாதுகாக்கலாம். தொலைவிலிருந்து ஆய்வாளர்கள் அணுக அனுமதி கேட்டபோது 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. எனக்குப் பெரிய கவலை இதைவிட, ரசிகர் சர்வர் ஒரு சிலரின் ஓய்வு நேரத்தையும் நன்கொடையையும் நம்பி நிற்கிறது என்பதுதான். ஆகவே திறமூலமாக வெளியிட்டிருக்கும் திட்டங்களையே நான் அதிகம் நம்புவேன். தொடங்கியவர் விலகினாலும் அடுத்தவர் எடுத்து நடத்த முடியும்.

பழைய நண்பர் பட்டியல் இங்கே தானாக வராது. கன்சோலிலேயே சேமித்த முன்னேற்றம் பத்திரமாக இருக்கும். சர்வரில் இருந்த தரவரிசை போய்விட்டது. ஆட்கள் நாள் முழுக்க இருக்கமாட்டார்கள். ஐரோப்பிய, அமெரிக்க மாலை நேரங்களில்தான் கூட்டம், நமக்கு அது நள்ளிரவும் அதிகாலையும். வார இறுதியில் நேரம் குறித்துக்கொண்டு சேர்ந்து ஏறுபவர்களே இதில் நிறைவாக ஆடுகிறார்கள்.

பிளேஸ்டேஷன் 3இல் எல்லாக் கேமுக்கும் ஒரே மாற்று சர்வர் என்று ஒன்று இல்லை. கேம் கேமாக முயற்சி நடக்கிறது. 2018 பிப்ரவரி 28 அன்று சர்வர் நின்ற டீமன்ஸ் சோல்ஸுக்கு ரசிகர்கள் ஒன்றை நடத்துகிறார்கள். மாற்றம் எதுவும் செய்யாத கன்சோலில் டிஎன்எஸ் எண்ணை மாற்றினாலே போதும். மற்றவர்கள் தரையில் எழுதிவிட்டுப் போகும் குறிப்புகளும், அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று காட்டும் ரத்தக் கறைகளும் இல்லாத டீமன்ஸ் சோல்ஸ் பாதி கேம்தான். இந்தக் கேம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் இதை முயன்று பாருங்கள்.

லேன் கேமை இணையத்துக்கு நீட்டிப்பது

எக்ஸ்லிங்க் கை என்ற மென்பொருள் இருபது ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. லேன், அதாவது கேபிள் போட்டுப் பக்கத்துக் கன்சோலோடு ஆடும் வசதி, ஒரு கேமில் இருந்தால், அந்தத் தகவலைக் கணினி வழியாக இணையத்தில் அனுப்பி, தொலைவில் இருக்கும் கன்சோலைப் பக்கத்தில் இருப்பதாக நம்ப வைக்கும். நின்டெண்டோவின் பழைய கன்சோலான கேம்க்யூபின் மரியோ கார்ட் டபுள் டாஷ், முதல் எக்ஸ்பாக்ஸ் கேம்கள், சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியின் கேம்கள் எல்லாம் இப்படி ஓடுகின்றன. எந்த நிறுவன சர்வரையும் பின்பற்றி எழுத வேண்டிய தேவை இல்லாததால் இது நெடுநாள் நிற்கும்.

எக்ஸ்பாக்ஸ் 360இல்தான் கை கட்டிப்போடப்பட்டிருக்கிறது. லேன் ஆட்டத்தில் இரண்டு கன்சோலுக்கும் இடையே தகவல் போய்வர 30 மில்லி விநாடிக்கு மேல் ஆனால் அது இணைக்க மறுத்துவிடும். ஒளி கண்ணாடி இழையில் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 15, வர 15 என்று கணக்குப் போட்டால் 3,000 கிலோமீட்டர் கேபிள்தான் உச்சவரம்பு. நடுவில் ரவுட்டர்கள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் அதைவிடக் குறைவு. சென்னையும் பெங்களூரும் சேரலாம். அண்ணன் டொராண்டோவிலும் தம்பி யாழ்ப்பாணத்திலும் இருந்தால், மாற்றம் செய்யாத 360இல் இது நடக்கவே நடக்காது. அவர்கள் வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும்.

எமுலேட்டர்

கணினியையே பழைய கன்சோல் போல நடக்க வைக்கும் மென்பொருள் இது. நல்ல கணினி வைத்திருந்தால் வசதியானது. வீ, கேம்க்யூபுக்கு டால்ஃபின், வீ யூவுக்கு செமு, பிளேஸ்டேஷன் 3க்கு ஆர்பிசிஎஸ்3. செமு ப்ரிடெண்டோவோடு பேசும். ஆர்பிசிஎஸ்3க்குச் சொந்தமாகவே ஆள் சேர்க்கும் சர்வர் உண்டு. டால்ஃபினில் வேறொரு அழகு: ஆன்லைனே இல்லாத, இரண்டு பேர் ஒரே சோபாவில் ஆட வேண்டிய கேமையும் இணையத்தில் ஆட வைத்துவிடும். இருவரிடமும் ஒரே பதிப்பும் ஒரே அமைப்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் இரண்டு திரையிலும் வேறு வேறு ஆட்டம் ஓடும்.

3டிஎஸ்ஸுக்கு இருந்த சிட்ரா 2024 மார்ச்சில் மூடப்பட்டது. நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்சுக்கு இருந்த யூசு எமுலேட்டரின் மீது அந்நிறுவனம் போட்ட வழக்கு 24 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தபோது, அதே குழுவின் சிட்ராவும் சேர்ந்து போனது. பிறகு அதன் நிரலிலிருந்து வேறு ஆட்கள் தொடர்ந்தார்கள். சொந்தமாக வாங்கிய கேமைச் சொந்தமாக நகலெடுத்து ஆடுவது வரை நான் சரி என்பேன். கண்ட இடத்தில் இறக்கிய கோப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். இன்னொன்று, 3டிஎஸ்ஸின் இரட்டைத் திரையையும் கையில் அது உட்காரும் விதத்தையும் கணினித் திரை தராது. அதற்காகவே கருவியை வைத்திருப்பவர்களுக்கு இது மாற்று ஆகாது.

புதிய கன்சோலில் அதே கேம்

மரியோ கார்ட் 8 வேண்டுமானால் ஸ்விட்சில் 2017இல் வந்த டீலக்ஸ் பதிப்பு இருக்கிறது. வீ யூவைவிட அதில் தடங்கள் அதிகம், எந்நேரமும் ஆள் உண்டு. ஸ்பிளாட்டூனுக்கு மூன்றாம் பாகம், ஹேலோவுக்கு மாஸ்டர் சீஃப் தொகுப்பு, டீமன்ஸ் சோல்ஸுக்கு பிளேஸ்டேஷன் 5 மறுஆக்கம். எக்ஸ்பாக்ஸ் 360 வட்டுகள் பலவற்றைப் புதிய எக்ஸ்பாக்ஸில் அப்படியே போட்டு ஆடலாம். 360இல் ஆடுபவர்களும் புதியதில் ஆடுபவர்களும் ஒரே ஆட்டத்தில் சேர்கிறார்கள். 2023 ஜூலையில் பழைய கால் ஆஃப் டியூட்டி கேம்களில் ஆள் சேர்க்கும் கோளாறை மைக்ரோசாஃப்ட் சரிசெய்ததும் ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்து நிறைந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

செலவு தெளிவு. கன்சோல், கேம், அதற்கு மேல் சந்தா. 3டிஎஸ்ஸிலும் வீ யூவிலும் ஆன்லைன் இலவசம். ஸ்விட்சில் தனிநபர் சந்தா ஆண்டுக்கு 20 டாலர். அந்த சர்வருக்கும் ஒரு நாள் முடிவு வரும். டீலக்ஸ் பதிப்பில் லேன் ஆட்ட வசதி இருப்பதால் அப்போது முற்றாக அனாதையாகிவிடமாட்டோம் என்பது ஓர் ஆறுதல். முதல் ஸ்பிளாட்டூனின் களங்கள், இசை, வேகம் எல்லாம் மூன்றாம் பாகத்தில் அப்படியே இல்லை. முதல் பாகத்தை விரும்பியவருக்கு மூன்றாம் பாகத்தைக் காட்டிச் சமாதானம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

யாருக்கு எது?

வாரம் ஒருமுறை நண்பர்களோடு ஆடினால் போதும், எந்தக் கேம் என்பது பொருட்டில்லை என்பவர் புதிய கன்சோலுக்குப் போய்விடலாம், தொல்லையே இல்லை. குறிப்பிட்ட ஒரு பழைய கேம்தான் வேண்டும், அதை அதே கருவியில் ஆட வேண்டும் என்பவருக்கு ரசிகர் சர்வரைவிட நல்ல வழி இல்லை. வீ யூ வைத்திருப்பவர் இன்று மாலையே முயலலாம். 3டிஎஸ் வைத்திருப்பவர் நகலெடுத்துவிட்டு முயலட்டும். வீட்டில் சிறுவர்கள் ஆடுவதற்கு உள்ளூர் ஆட்டம். கன்சோல் பழுதாகி உதிரிப்பாகம் கிடைக்காதவருக்கு எமுலேட்டர். ஆன்லைன் நின்றுவிட்டது என்பதற்காக மட்டும் கன்சோலைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடாதீர்கள் என்று எல்லாருக்கும் சொல்வேன். முதல் எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தால் உள்ளே கடிகாரத்துக்கான கெபாசிட்டர் கசிந்து போர்டை அரிக்கும் பழக்கம் அதன் பெரும்பாலான பதிப்புகளுக்கு உண்டு; தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அதைக் கழற்றிவிடுங்கள்.

எந்த வழியானாலும், சர்வரில் இருக்கும் உங்கள் பொருளை மீட்பதற்குத்தான் முதல் இடம். சர்வரைத் திரும்ப எழுதிவிடலாம். அதிலிருந்த உங்கள் பொருளை யாராலும் திரும்ப எழுத முடியாது. சூப்பர் மரியோ மேக்கரில் ஒருவரும் முடிக்காத நிலைகளை எல்லாம் சேவை நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு குழு பல ஆண்டுகள் உழைத்தது. கடைசியில் ஒன்று மிஞ்சியது. கருவி உதவியோடுதான் தான் அதை முடித்துப் பதிவேற்றியதாக 2024 மார்ச்சில் அதை உருவாக்கியவரே சொல்லிவிட்டார். அப்படியும் விடாமல், சேவை நிற்க மூன்று நாள் இருக்கும்போது, ஏப்ரல் 5 அன்று ஒருவர் கையாலேயே அதை முடித்துக் காட்டினார். அந்த நிலைகளைத் தம் கன்சோலில் சேமிக்காதவர்களுக்கு ஏப்ரல் 8க்குப் பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

பொருளை மீட்பதற்கான அவகாசம் சேவை நிற்கும் தேதி வரைகூட நீடிக்காமல் போகலாம் என்பதையும் கவனியுங்கள். ஜிடிஏ ஆன்லைனின் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 சர்வர்கள் நின்றது 2021 டிசம்பர் 16. ஆனால் அங்கே சேர்த்த பாத்திரத்தையும் பணத்தையும் புதிய கன்சோலுக்கு மாற்றும் வசதி 2017 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. நாலரை ஆண்டுக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தவர்கள், எடுத்துப்போக வழியில்லாத ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

3டிஎஸ்ஸில் இப்போது அந்த இடத்தில் இருப்பது, பிடித்த போக்கிமான்களை ஆன்லைனில் சேமித்து வைக்கும் போக்கிமான் பேங்க். 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ்ஸின் டிஜிட்டல் கடை மூடியதிலிருந்து அது இலவசம். 2024இல் ஆன்லைன் நின்றபோதும் அதை விட்டுவைத்தார்கள். என்றென்றும் இருக்கும் என்று சொல்லவில்லை. கடை மூடுவதற்கு முன் அதை ஒருமுறையாவது இறக்கியிருந்தால்தான் இப்போது மறுபடி இறக்க முடியும். உங்கள் பழைய கார்ட்ரிட்ஜில் சிறுவயதுப் போக்கிமான்கள் இருந்தால், பேங்குக்கு ஏற்றி, ஒரு மாதச் சந்தா கட்டி ஸ்விட்சில் உள்ள போக்கிமான் ஹோம் என்ற புதிய சேமிப்புச் சேவைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியவை 3டிஎஸ்ஸுக்குத் திரும்பி வரமாட்டா. எவற்றைப் பழைய கருவியிலேயே விட்டுவைப்பது என்று முடிவெடுத்துவிட்டு உட்காருங்கள். காசு கொடுத்து வாங்கி, பிறகு அழித்துவிட்ட டிஜிட்டல் கேம்களையும் அதே கையோடு மறுபடி இறக்கிவிடலாம். அதற்கான கதவும் இன்றைக்குத் திறந்துதான் இருக்கிறது.